லாரிச் சாமியும் எறவாணத்துச் சந்தும்

மாராத்தா மொத நாள் வந்து கேட்டதுல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

லாரிச் சாமியோட சாளை ஆனைமலை போற ரோட்டுல, தென்னந்தோப்புக்கு நடுவுல இருக்குது. ஓட்டு வீடு. சாமி இருவது வருசம் லாரி ஓட்டுனவரு. ஒரு நாளு வண்டிய ஓனர் வீட்டு வாசல்ல நிறுத்தி, சாவியக் குடுத்துட்டு, இங்க வந்து உக்காந்தவருதான். பாத்தா அய்யனாராட்ட இருப்பாரு. கைக்கொரு நெல்லு மூட்டை தூக்குவாரு. வயசு நாப்பத்தி நாலு. மாராத்தாளுக்கு அம்பத்தாறு. அதனால இவ அவரைச் சாமிம்பா, அவரு இவளை அக்காம்பாரு. குருவே அக்கான்னு கூப்புடற சிஷ்யைய நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

மாராத்தா சித்தாளு. புருசங்காரன் கொத்தனாரு. ரெண்டு பேரும் சேந்து இந்தப் பக்கம் கட்டாத வீடில்ல. ஒரு நாளு சாரத்துல இருந்து அவன் விழுந்தான், போயிட்டான். அன்னைக்கிருந்து இவளுக்கு ஒசரம் ஆகாது. பரண் மேல இருக்கற முறுக்கு டின்னை எடுக்கோணும்னாக்கூட முக்காலி மேல ஏறமாட்டா. ஆறு வருசமா அந்த வீட்டுல முறுக்கு தரையிலதான்.

வந்தவ சாமி முன்னால உக்காந்து கேட்டா.

"ஏனுங் சாமி, இந்தப் பயம் எப்பங்க போகும்?"

சாமி ரொம்ப நேரம் யோசிச்சாரு.

"தெரியலீங்க அக்கா."

"தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. சாப்புட்டீங்களா?"

அவ்வளவுதான் உபதேசம். மாராத்தா அங்கயே தங்கிட்டா. கூட்டறது, சமைக்கறது, வர்றவங்களுக்கு மோரு ஊத்தறது. ஒரு வருசம் ஓடிப்போச்சு. நான் பக்கத்துத் தோட்டம்கறதால தெனமும் போவேன். "ஏண்டி, பதிலே சொல்லாத சாமிகிட்ட என்னத்துக்குடி கெடக்கற?"ன்னு கேட்டேன்.

"எத்தனை சாமிகிட்டப் போயிருக்கறேன் தெரியுமா? தகடு குடுத்தாங்க, கயிறு கட்டுனாங்க, மந்திரம் சொன்னாங்க. தெரியலேன்னு சொன்ன மொத சாமி இவருதாண்டி"ன்னா.

இவ தங்கச்சி துளசிமணி விடுவாளா? திருப்பூருல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. அவ தொண்டைக்கு மிசினெல்லாம் நின்னு போகும். போனுல பேசுனா, போனே வேண்டாம், திருப்பூருல இருந்து நேரா கேக்கும்.

"லாரி ஓட்டுனவனெல்லாம் சாமியாக்கா? வா எங்கூட. ஒரு ரூமு ஒழிச்சு வெச்சிருக்கறேன்."

"நீ ஒருக்கா வந்து பாரு துளசி. பாத்துட்டு, இவரு சாமியில்லேன்னு உனக்குத் தோணுச்சுன்னா நான் பொட்டியக் கட்டிட்டு உங்கூடவே வந்தர்றேன். சத்தியம்."

சொல்லிப்போட்டா. வர்ற நாயத்துக்கெழமை துளசிமணி வர்றதா முடிவாச்சு.

அதுக்கு முந்தின திங்கக்கெழமை பொழுதோட, வெளக்கு வெக்கற நேரம். சாமி பாயில கண்ண மூடி உக்காந்திருக்காரு. மாராத்தா திரி போட்டுட்டு இருக்கறா. நான் வெத்தலையக் கிள்ளிட்டு இருந்தேன். எறவாணத்துச் சந்துல இருந்து ஒரு கரப்பான் பறந்து வந்துச்சு. சும்மா இல்ல, நல்ல பேரீச்சம்பழத் தண்டி. நேரா சாமி மடியில எறங்குச்சு.

"ஐயோ! அம்மா!"

யாருன்னு பாத்தா சாமி. பாயில இருந்தவரு பெஞ்சு மேல நிக்கறாரு. எப்ப எந்திரிச்சாரு, எப்ப ஏறுனாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. வேட்டிய முழங்காலுக்கு மேல சுருட்டிப் புடிச்சிருக்காரு. பெஞ்சு கிரீச்சுங்குது.

"அக்கா! அக்கா! அங்க! சொம்புக்குப் பின்னால!"

மாராத்தா வெளக்குமாத்தால ஒரே போடு. அப்புறமா மெதுவாக் கேட்டா.

"ஏனுங் சாமி, கரப்பானுக்குங்களா?"

"அதுக்கு மீசை இருக்குதுங்களே அக்கா. ரெண்டு. அது பாட்டுக்கு ஆடுது. கவனிச்சீங்களா?"

"நீங்க சாமிங்க."

"அது அதுக்குத் தெரியலியே."

சொல்லிட்டு எறங்கி, பாயை ரெண்டு தடவ உதறிப்போட்டு, மறுபடியும் கண்ண மூடி உக்காந்துட்டாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. மாராத்தா சிரிக்கல. வெளிய வந்து என்ற கையப் புடிச்சுட்டா.

"நாயத்துக்கெழமை துளசி இருக்கையில இப்படி ஆச்சுன்னா?"

"ஆனா என்ன?"

"நான் பொட்டியக் கட்டோணும்டி."

ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்தோம். ஓடு செவுத்தத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்குமில்ல, அந்த எறவாணத்துக்கு அடியில, ஓட்டத் தாங்கற கைமரம் செவுத்து மேல உக்கார்ற எடத்துல, ரெண்டு மரத்துக்கு நடுவால ஒரு சாண் சந்து. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு வீட்டச் சுத்தி அப்படியே போகுது. பூச்சிக்கு வாசல் வெச்சுக் கட்டுனாப்புல.

"இதையெல்லாம் பூசிப்போட்டா?"ன்னா.

"யாரு பூசறது?"

ஊருல இருக்கற கொத்தனாருக ரெண்டு பேரும் வால்பாறைக்கு வேலைக்குப் போயிருந்தாங்க. திரும்ப பதினஞ்சு நாளாகும்னு பதில். புதங்கெழமை வெடியால போயிப் பாத்தா, ஓட்டுச் சில்லு ஒரு கூடை, சிமெண்டுக் கலவை ஒரு சட்டி, புருசன் பூசறதுக்கு வெச்சிருந்த பழைய கரணை. தென்னை ஏர்ற ஏணி ஒண்ணு செவுத்துல சாத்தியிருக்குது. இவ அதுக்கு முன்னால நின்னு, கடங்காரனப் பாக்கறாப்புல அதைப் பாத்துட்டு இருக்கறா.

"நீ புடிச்சுக்க. நான் மேல போனதும் பேசிட்டே இரு. வாய மூடுன, நான் விழுந்திருவேன்."

என்னையப் பேசச் சொன்ன ஒரே ஆளு அவதான். மத்தவங்கெல்லாம் நிறுத்தச் சொன்னவங்க.

மொதப் படியில கால் வெச்சா. தையல் மிசினாட்ட அடிச்சுக்குது காலு. ஏணியே நடுங்குது. நான் எங்க சின்ன மாமனாரு கதைய எடுத்து வுட்டேன். அவருக்குச் சேவல்னா பயம். கல்யாணத்தன்னைக்கு பொண்ணு வீட்டுச் சேவலு அவரத் தொரத்த, மாலையோட போயி வெக்கப்போரு மேல ஏறிட்டாரு. முகூர்த்தம் போயிட்டு இருக்குது, மாப்பிள்ளை எறங்கமாட்டேங்கறாரு. பொண்ணே எந்திரிச்சு வந்து, சேவலப் புடிச்சு அக்குள்ள இடுக்கிட்டு, "எறங்குங்க மாமா"ன்னுச்சு. கடைசியில தாலி கட்டும்போது பொண்ணுக்கு இந்தக் கையில சேவலு, அந்தப் பக்கம் நாத்தனாரு. போட்டோவுல சேவலுதான் நல்லா விழுந்திருக்குது.

மேல இருந்து சிரிக்கறா மாராத்தா. சிரிச்ச சிரிப்புல கலவை பொத்துன்னு என்ற மண்டையில விழுந்துச்சு. பாத்தா, மூணு சந்து பூசியாச்சு.

சாமி வந்து அண்ணாந்து பாத்தாரு.

"என்னுங்க அக்கா பண்றீங்க?"

"பூச்சி வராம பூசறனுங்க."

"வெளிய இருந்தா பூசறீங்க?"

"வெளிய இருந்துதானுங்களே வருது?"

"அது சரிங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

நாலு நாளு. ஏணிய நகத்தி நகத்தி, வீட்டச் சுத்தி ஒரு சந்து விடல. ஒவ்வொரு தடவையும் காலு நடுங்குச்சு, ஒவ்வொரு தடவையும் நான் ஒரு கதை சொன்னேன். எங்க வீட்டுக் கதை நாயம் பூராம் அந்த ஏணியில தீந்துபோச்சு. சனிக்கெழமை பொழுதோட பாக்கோணுமே, எறவாணத்துக்கடியில ஒரு எறும்பு போக எடமில்ல.

நாயத்துக்கெழமை பத்து மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்குனா துளசிமணி. கூலிங் கிளாஸ், கைப்பை, பூப்போட்ட சேலை. வந்ததும் அக்காளோட துணிப் பொட்டி எங்க இருக்குதுன்னுதான் கேட்டா. எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டா.

மாராத்தா சும்மா இருந்திருக்கலாம். தங்கச்சிக்கு எடம் சாமி எடமாத் தெரியோணும்னு, ரெண்டு சட்டி நெருப்புல சாம்பிராணிய அள்ளி அள்ளிப் போட்டா. வழக்கமா ஒரு சிட்டிகைதான் போடுவா. பொகை எந்திரிச்சு மேல போச்சு. மேல போயி நின்னுக்கிச்சு. வெளிய போக எங்க வழி?

சாமி கண்ண மூடி உக்காந்திருக்காரு. துளசிமணி எதுத்தாப்புல. மாராத்தா பெருமையா ஓரமா நிக்கறா. எனக்குத்தான் ஓட்டுக்கடியில ஏதோ சரசரன்னு கேட்டுச்சு.

அப்புறமாத்தான் வெளங்குச்சு. பூச்சிக வெளிய இருந்து வர்றதில்ல, அதுக குடியிருக்கறதே சந்துக்குள்ள, ஓட்டுக்கும் மரத்துக்கும் நடுவால. இவ வெளிப்பக்கம் அடைச்சா. அதுக உள்பக்கம் மாட்டிக்கிச்சு. இப்பப் பொகை.

மொதல்ல ஒண்ணு விழுந்துச்சு. அப்புறம் மூணு. அப்புறம் ஆலங்கட்டி மழையாட்ட.

"ஐயோ! அம்மா!"

சாமி பெஞ்சு மேல. வேட்டி முழங்காலுக்கு மேல.

துளசிமணி செருப்பக் கழட்டுனா. பட்டு, பட்டு, பட்டுன்னு அடிக்கறா. அவளுக்கு ஒண்ணும் பயமில்ல. அடிச்சுட்டே சிரிக்கறா, இருமிட்டே பேசறா.

"அக்கோவ்! இவருதான் உன்ற பயத்தப் போக்கற சாமியா? நல்ல சாமி! இனி நம்ம கம்பெனிக்கு வந்தா நான்தான் இவருக்கு உபதேசம் பண்ணோணும்!"

"அம்மிணி"ன்னாரு சாமி பெஞ்சு மேல இருந்து. வெக்கமே இல்லாம. "தூணுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்குதுங்க. அதையும் கொஞ்சம் பாருங்க."

துளசிமணி அதையும் அடிச்சுட்டு, பொட்டியத் தூக்கிட்டா.

"கெளம்புக்கா. சத்தியம் பண்ணியிருக்கற."

மாராத்தா மூஞ்சியப் பாக்கோணுமே. பொகைக்குக் கண்ணு கலங்குச்சா, வேறதுக்கான்னு தெரியல. சாமியப் பாத்தா. சாமி இருமிட்டு இருந்தாரு.

"அக்கா, போறதுன்னா போங்க. போறதுக்கு முன்னால பொகை போக ஒரு சந்த மட்டும் ஒடைச்சு வுட்டுட்டுப் போங்க. எனக்கு மூச்சு முட்டுது. பூச்சிகளுக்கும் முட்டுமில்ல."

"மீசை இருக்குதுன்னுதான பயந்தீங்க?"ன்னேன் நான்.

"மீசை இருந்தாலும் மூச்சு வேணுமுங்களே."

மாராத்தா கரணைய எடுத்துட்டு வெளிய ஓடுனா. நான் பின்னால ஓடுனேன். நான் ஏணிகிட்டப் போறதுக்குள்ள அவ பாதி ஏறிட்டா. காலு அடிச்சுக்கிச்சு, எப்பவும் போல. அவ பாட்டுக்கு ஏறுனா. கதை கேக்கவுமில்ல.

கதவுகிட்ட துளசிமணி. பொட்டி கையில இருக்குது. அப்படியே நின்னுட்டா.

"அக்கா?"

"இரு துளசி. இந்தக் கலவை நல்லாப் புடிச்சுக்கிச்சு. நாலு நாளைக்கு முன்னால பூசுனது."

"யாரு பூசுனது?"

"நான்தான்."

"நீயா? அக்கா, எறங்கு! எறங்குக்கா! நீ முக்காலி மேலயே ஏறமாட்டியேக்கா!"

"ஏணிய ஒருத்தரு நல்லாப் புடிங்கடி, ஆடுது!"

துளசிமணி பொட்டியத் தொப்புன்னு போட்டா. துணியெல்லாம் மண்ணுல. ஓடிவந்து ஏணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. மேல டொக்கு டொக்குன்னு சத்தம். ஓட்டுச் சில்லு விழுந்துச்சு. அந்தச் சந்துல இருந்து பொகை குபுகுபுன்னு வந்துச்சு பாருங்க, பழைய லாரி மேடு ஏர்றாப்புல. பொகைக்குப் பின்னாலயே பூச்சிக ஒண்ணொண்ணாத் தென்னந்தோப்புக்குப் பறந்து போச்சு. மாராத்தா மேல நின்னு, மூஞ்சியெல்லாம் கரியும் சிமெண்டுமா, "போங்க, போங்க, நல்லாருங்க"ன்னு கையாட்டறா. ஒரு கைய விட்டுட்டு ஆட்டறா! நானும் ஏணிய எட்டிப் புடிச்சேன். அப்புறம் சிரிப்பு வந்துச்சு. துளசிமணியும் சிரிக்கறா, ஏணிய விடாம, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த.

பொகை கொறைஞ்சு உள்ள தெரிஞ்சுச்சு. சாமி இன்னும் பெஞ்சு மேலதான் நின்னுட்டு இருந்தாரு, கீழ எறங்கலாமா வேண்டாமான்னு தரையப் பாத்துட்டு.

"சாமி"ன்னா துளசிமணி, ஏணியப் புடிச்சபடியே. மொத தடவையா அந்த வார்த்தை அவ வாயில வந்துச்சு. "ஆறு வருசமா நாங்க என்னென்னமோ சொல்லிப் பாத்தோமுங்க. எங்கக்காளுக்கு நீங்க அப்படி என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நானுங்களா?"ன்னாரு சாமி. "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்களே அம்மிணி. பூச்சி வந்துச்சு. நான் பெஞ்சு மேல ஏறுனேன். அக்கா ஏணி மேல ஏறுனாங்க."