மீனைத் தூக்கிட்டு நடந்த ராஜா

மகரவர்மன்னு ஒரு ராஜா. மாறுவேஷம்னா அவருக்கு உசுரு. ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க, வாராவாரம் சாமியார் வேஷத்துல சந்தைக்குப் போவாரு. பின்னாடியே இன்னும் நாலு சாமியாருங்க வருவாங்க. நாலு பேர் கையிலயும் ஈட்டி!

ஒருநாள் சபையில சொன்னாரு: "ஜனங்களைக் கேட்டுட்டேன். நாட்டுல திருட்டே இல்லையாம். பக்கத்து நாடு மேலைப்புரத்து மேல படையெடுத்தே ஆகணுமாம். வெள்ளிக்கிழமை கிளம்பறோம்!"

விதூஷகன் கொண்டல் களுக்குனு சிரிச்சுட்டான்.

"என்னடா இளிப்பு?"

"வந்தது நீங்கன்னு தெரிஞ்சுதான் ராஜா அப்படிச் சொல்றாங்க."

"அந்த ஒட்டுத்தாடியிலயுமா? நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா படையில முத ஆளு நீதான்!"

வாளை எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாத பய கொண்டல்.

மறுநாள் சந்தை. ராஜா அதே சாமியாரு. கொண்டல் மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு மூட்டை தூக்கறவனா வந்தான். மீன்காரி செங்கமலம் கடையில ராஜா நின்னாரு.

"ஏம்மா, போருக்குப் போலாமா?"

"கண்டிப்பா போகணும் சாமி!"

கொண்டல் காதைக் கடிச்சான். "மாத்திக் கேளுங்க."

"போக வேணாமோ?"

"போகவே கூடாது சாமி!"

ராஜா தாடியைச் சொறிஞ்சாரு.

"இப்ப ஒரு மீனைத் தூக்கிட்டு நடங்க," கொண்டல் கிசுகிசுத்தான்.

ராஜா ஒரு விராலைத் தூக்கினாரு. காசு குடுக்கல. விறுவிறுன்னு நடந்தாரு. செங்கமலம் பின்னாடியே ஓடிவந்தா. "சாமி, அது பொடிசு! இதைக் கொண்டு போங்க!"

ராஜா வாழைத்தார் குவியலுக்குப் பின்னாடி மறைஞ்சாரு. இப்ப கொண்டல் ஒரு மீன் மேல கை வெச்சான்.

பளார்!

"திருட்டு நாயே! காலையிலேர்ந்து நீ மூணாவது! சந்தையில ஒரு காவக்காரன் இருக்கானா? எல்லாரும் போருக்கு வாள் தீட்டறாங்க. உள்ளூர்த் திருடனைப் புடிக்கத் துப்பில்ல, மேலைப்புரத்தைப் புடிக்கப் போறாராம் நம்ம ராஜா!"

வாழைத்தாருக்குப் பின்னாடி ராஜா தாடியை மெல்லக் கழட்டினாரு.

அரண்மனைக்குத் திரும்பினதும் ராஜா கேட்டாரு: "வருஷம் பூரா நான் கேட்டேன். எனக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் எப்படிடா கிடைச்சுது?"

கொண்டல் வீங்கின கன்னத்தைக் காட்டினான். "ஜனங்க கருத்து, ராஜா. அஞ்சு விரலும் தெளிவா பதிஞ்சிருக்கு பாருங்க."

ராஜா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. போர் ரத்து. காவக்காரங்க சந்தைக்கு. கொண்டலுக்கு ஒரு குடம் பொன்னு.

"இனிமே மாசாமாசம் ஜனங்க கருத்தை நீயே வாங்கிட்டு வா!"

"அய்யோ ராஜா! எங்கிட்ட இருக்கறது ரெண்டே கன்னம்!"