எடுத்துக்கொண்ட மாத்திரை

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளிடம் கேட்கக் கேள்வித்தாள் எழுதிய புண்ணியவானே, எல்லாப் பழியும் உன் மேல்தான். "மருந்தில் நம்பிக்கை உண்டா? தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டிருந்தாய். கருவாட்டு வியாபாரி சூசையா இரண்டுக்கும் ஆமென்றார்.

"அப்புறம் ஏன்யா சர்க்கரை குறையல? இனிமே ஊசிதான்" என்று அதட்டினார் பெரிய டாக்டர்.

ஊசியென்றால் சூசையாவுக்கு உயிரே போய்விடும். மேசையைத் தட்டினார். "மாசாமாசம் தவறாம எடுத்துக்கிட்டுப் போயி அலமாரியில வச்சேன் சார். முழுங்கினியான்னு யாரு கேட்டா?"

நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் விடவில்லை. "நம்பிக்கை இருக்குன்னியே?"

"ரொம்ப இருக்கு சார். இவ்வளவு நல்ல மருந்து வீட்டுல இருந்தாலே போதும்னு நெனச்சேன். ஊரையே பேரம் பேசி மடக்குற நான், என்கிட்டயே ஏமாந்துட்டேன். ஒரு மாசம் முழுங்குறேன். குறையலன்னா ரெண்டு கையிலயும் குத்துங்க."

டாக்டர் சிரித்து, ஊசியைத் தள்ளிவைத்தார்.

சூசையா திருந்திவிட்டார். நீயும் வந்து அந்தக் கேள்வியைத் திருத்தித் தொலை.