பூங்குருவியின் பாதிச் சீழ்க்கை

மலையில் பறவையும் விலங்கும் மனிதர்களைப் போலவே பேசித் திரிந்த காலம் அது. அடிவாரத்தில் கோரன் என்பவன் தன் மனைவி நஞ்சியோடும் மகள் பொம்மியோடும் வாழ்ந்து வந்தான். பொம்மிக்கு அப்போதுதான் முன்பற்கள் விழுந்திருந்தன. அந்தக் கார்த்திகையில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான்.

மார்கழி வந்ததும் அடிவாரம் மூடுபனிக்குள் போய்விட்டது. பச்சைப்பிள்ளை வெயிலே படாமல் சில்லிட்டுக் கிடந்தான்.

"உச்சிப் பாறைக்குப் போயிட்டா வெயில் இருக்கும். புள்ளைக்குக் காட்டிட்டு வந்துடலாம்" என்றான் கோரன்.

விடிந்ததும் நால்வரும் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் பனி காலுக்குக் கீழே போய்விட்டது.

"அம்மா, நம்ம வீடு பாலுக்குள்ள முழுகிடுச்சு!" என்று பொம்மி கைதட்டினாள். பிள்ளை பெற்ற பிறகு நஞ்சி அன்றுதான் சிரித்தாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பொம்மியின் காலில் முள் ஏறியது. பிடுங்கிய பிறகும் கால் ஊன்ற முடியவில்லை. கோரனின் ஒரு கையில் பிள்ளை. மறு கையால், தள்ளாடிய நஞ்சியைப் பிடித்திருந்தான்.

"நீங்க போங்கப்பா. நான் இந்தப் பாறையில உக்காந்திருக்கேன்" என்றாள் பொம்மி.

"எந்திரிக்காதம்மா. இதோ வந்துடறேன்."

அந்த நாளில் செந்நாய்கள் பனிக்குள் நின்று மனிதக் குரலில் கூப்பிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு சீழ்க்கை இருந்தது. அதைக் கேட்டால்தான் பிள்ளைகள் எழுந்து போவார்கள்.

அவர்கள் உச்சிக்குப் போன நேரத்தில் பனி ஏறி வந்து பொம்மியை மூடியது. பாறைக்கு அப்பால் இருந்த பள்ளமும் மறைந்தது. பக்கத்துப் புதரில் ஒரு பூங்குருவி இருந்தது.

"அப்பாவைக் கூட்டிட்டு வர்றியா? நீ பேசினா நம்ப மாட்டாரு. இதை அடிச்சுக் காட்டு" என்று பொம்மி தங்கள் வீட்டுச் சீழ்க்கையை முனகிக் காட்டினாள். பல் விழுந்த வாயில் அவளுக்குச் சீழ்க்கை வரவில்லை.

குருவி பறந்தது. வழியில் ஒரு செடி நிறையப் பழம் பழுத்திருந்தது. பசிக்கு ஒன்று தின்னலாம் என்று உட்கார்ந்தது. வயிறு நிறைந்து எழுந்தபோது சீழ்க்கையின் முடிவு மறந்துபோயிருந்தது.

நஞ்சியையும் பிள்ளையையும் வெயிலில் விட்டுவிட்டுக் கோரன் பனிக்குள் இறங்கி, வழி தெரியாமல் அலைந்தான். சீழ்க்கையடித்தால் மகள் எழுந்துவிடுவாள், பள்ளம் இருக்கிறதே என்று பயந்து, பெயர் சொல்லி மட்டும் கூப்பிட்டான். செந்நாயாக்கும் என்று பொம்மி வாய் திறக்கவில்லை.

"பொம்மியோட அப்பா, அவ எங்கன்னு எனக்குத் தெரியும், வாங்க" என்றது குருவி.

"எங்க, சீழ்க்கையை அடி."

அடித்தது. ஏறியது, இறங்கியது, நின்றுவிட்டது.

"மீதி?"

குருவி மறுபடி முதலிலிருந்து அடித்து, அதே இடத்தில் தடுமாறியது.

"போ அந்தப் பக்கம்! எந்தச் செந்நாய் உன்னை அனுப்பிச்சுது?" என்று கோரன் வேறு திசையில் திரும்பி நடந்தான்.

முடிவைப் பொம்மியிடமே கேட்கலாம் என்று குருவி திரும்பிப் பறந்தது. மிச்சமும் மறந்துவிடுமோ என்ற பயத்தில் தெரிந்த பாதியையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு வந்தது.

பொம்மிக்கு அது கேட்டது.

"அப்பா!"

நொண்டிக்கொண்டே எழுந்து சத்தம் வந்த பக்கம் நடந்தாள். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

பனி விலகிய பிறகுதான் கோரன் பாறையைக் கண்டான். பிறகு பள்ளத்தையும் கண்டான். மகளின் உடலைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து கிடத்தினான். நஞ்சி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் பிள்ளை வெயில் பட்ட சூட்டோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பொம்மியின் கையை எடுத்துப் பிள்ளையின் மேல் வைத்தாள்.

குருவி கோரனின் காலடியில் வந்து விழுந்தது.

"பழத்துக்கு ஆசைப்பட்டு நான்தான் மறந்துட்டேன். அந்த முடிவை மட்டும் சொல்லிக்குடுங்க. இனி மறக்க மாட்டேன்."

கோரன் உதட்டைக் குவித்தான். காற்றுதான் வந்தது. சாகும்வரை அவனுக்குச் சீழ்க்கை வரவேயில்லை.

குருவி அதோடு பேச்சை விட்டுவிட்டது. இன்றைக்கும் மலைப்பாதையில், விடியும் முன்னே, யாரோ ஒரு மனிதர் சீழ்க்கையடிப்பதுபோல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. பூங்குருவி பாதிவரை அடித்துத் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது அந்த மார்கழிக்குப் பிறகுதான்.