வெள்ளைப் பல் படை

யாளிகள் ஊர்மந்தையில் மாட்டோடு மாடாக மேய்ந்த காலம் அது. அப்போது மேகக்கோட்டை என்ற நாட்டைச் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி என்று வாழ்ந்த மகராசன். அந்த நாட்டில் நெல்லும் விளையாது, சோளமும் விளையாது. விளைந்ததெல்லாம் கூலிப்படை வீரர்கள்தான். அக்கம்பக்கத்து ராஜாக்கள் அடித்துக்கொண்டால் இங்கிருந்துதான் ஆள் போகும். இரண்டு பக்கத்துக்கும் போகும்.

அந்த வீரர்களைப் பழக்க இரண்டு பாசறைகள் இருந்தன. ஒன்று சேனாபதி உத்தண்டராயருடையது. கல் மதில், யாளி லாயம், வாசலில் அவருடைய சிலையே இரண்டு. இன்னொன்று செம்பாயியுடையது. அது பழைய கழுதைக் கொட்டடி. கழுதைகள் இன்னும் காலி செய்யவில்லை. பல ராஜாக்களுக்காகச் சண்டை போட்டு, ஒரு காதை எங்கேயோ விட்டுவிட்டு ஊர் திரும்பியவள் செம்பாயி. யாரும் வேண்டாமென்று விட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாள் பழக்கினாள். அவள் வாய் வெற்றிலையால் எப்போதும் சிவந்திருக்கும்.

வெற்றிலைதான் அந்த நாட்டுக் கூலிப்படைச் சட்டம். யார் கையால் வெற்றிலை வாங்கி மெல்கிறார்களோ, பொழுது சாயும்வரை அவருக்குத்தான் வாள். வாயில் ஒன்று இருக்க இன்னொருவரிடம் வாங்கினால் தலை போய்விடும். வெற்றிலையே வாங்காதவன் யாருக்கும் ஆளில்லை.

ஒருநாள் ராஜா சபையில் வீரத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு கழுதை கத்தித் தொலைத்தது. சபை களுக்கென்று சிரித்துவிட்டது.

"யாருடைய கழுதை அது?" என்று ராஜா பல்லைக் கடித்தான்.

"என்னோடதுதான் மகாராஜா," என்றாள் சபை ஓரத்தில் நின்ற செம்பாயி. "உங்க பேச்சை மெச்சித்தான் குரல் குடுத்துச்சு. மத்தவங்க எல்லாம் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டாங்க. அதுக்கு வாயடக்கம் பத்தாது."

இதுதான் சமயமென்று உத்தண்டராயர் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். "மகாராஜா! ஒரே உறையில் இரண்டு கத்தி எதற்கு? இரண்டு பாசறையும் மோதட்டும். தோற்றதை இடித்துத் தள்ளுவோம். தோற்றவர் பிள்ளைகள் வென்றவரின் யாளி லாயத்தில் சாணி அள்ளட்டும்."

யாளிச் சாணி கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். ஆனாலும் செம்பாயி பின்வாங்காமல் கேட்டாள்: "வெளையாட்டு விதியா, சண்டை விதியா ராயரே?"

"சண்டை விதிதான்! கூலிப்படைச் சட்டம் இம்மியும் பிசகாமல்!" என்று ராயர் மீசையை முறுக்கினார். ராஜாவும் தலையாட்டினான்.

மறுநாள் காலை மைதானத்தில் ராயரின் படை மலைபோல் நின்றது. முன்வரிசையில் யாளிகள் தும்பிக்கையைச் சுழற்றின. எதிரே செம்பாயியின் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தன் தலைக்கவசமாகக் குழம்புச் சட்டியைக் கவிழ்த்திருந்தான். தினமும் கொடுப்பதுபோல அன்றும் எல்லோருக்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

மாயக்கா என்ற சிறுமி மென்றுகொண்டே கேட்டாள், "ஆத்தா, யாளிச் சாணி ரொம்பச் சுடுமா?"

செம்பாயி அவள் தலையை ஒருமுறை தடவினாள். இந்தப் பிள்ளைகளை நாமே வளர்த்து நாமே பலிகொடுக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் ராயரின் படை வாயைப் பிளந்து போர்முழக்கம் செய்தது. ஊரே நடுங்கிப்போனது. செம்பாயி மட்டும் அந்த வாய்களையே உற்றுப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் முத்து முத்தாக வெள்ளைப் பல்! ஒருத்தன் பல்லிலாவது வெற்றிலைக் காவி ஏறியிருக்க வேண்டுமே?

இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தபடி மைதானத்தின் நடுவுக்கு நடந்தாள். "அடேய் பெரியவனே, உன் பேரு என்ன?"

"கொம்பையன்," என்றான் முதல் யாளியின்மேல் இருந்தவன்.

"இன்னைக்கி யாருகிட்ட வெத்தல வாங்குன?"

"எங்களுக்கு ஏது வெத்தல? பாசறைக்கு வந்த நாள்லேர்ந்து ஒருநாளும் குடுத்ததில்ல."

பின்னாலிருந்து ராயர் கத்தினார்: "என் கஞ்சியைக் குடிக்கிற பயல்களுக்கு வெற்றிலை ஒரு கேடா? அதெல்லாம் அந்நியனுக்குத்தான் கொடுக்க வேண்டும். இவர்கள் என் பிள்ளைகள். கேட்காமலே சாவார்கள்!"

பயல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்காமலே சாவது என்ற திட்டம் அவர்களுக்கு இப்போதுதான் தெரியவந்தது. கொம்பையன் யாளியிலிருந்து இறங்கிக் கையை நீட்டினான். செம்பாயி சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல மரியாதையாகக் கொடுத்தாள். முதல் வெற்றிலை, பயலுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள். வெற்றிலை பத்தாமல் ஒன்றை நாலாகக் கிழித்தாள்.

"அடேய்! இந்தாருங்கள், நானும் தருகிறேன்!" என்று ராயர் யாரிடமோ பிடுங்கிய வெற்றிலைக் கட்டோடு ஓடிவந்தார்.

"மன்னிக்கணும் ராயரே," என்றான் கொம்பையன். "வாயில இருக்கு."

படை மொத்தமும் திரும்பிச் செம்பாயிக்குப் பின்னால் போய் நின்றது. யாளிகளும் போயின. எதிர்ப்பக்கம் ராயர் மட்டும் மீசையோடு நின்றார்.

"இது என்ன சண்டை? ஒரு அடிகூட விழவில்லையே! காவலர்களே, பிடியுங்கள் இவளை!" என்று மேடையிலிருந்து ராஜா கத்தினான். யாரும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை. அரண்மனைக் காவலர்களும் ராயரிடம் பழகியவர்கள்தானே! அவர்களுக்கு ராஜாவும் ஒருநாள்கூட வெற்றிலை கொடுத்ததில்லை. அவர்களும் கீழே வரிசையில் நின்று, வாயைக் குதப்பிக்கொண்டிருந்தார்கள்.

ராஜா சூரியனை அண்ணாந்து பார்த்தான். "செம்பாயி... பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"நெறைய இருக்கு மகாராஜா. அவசரமில்லாம தீர்ப்பு சொல்லுங்க."

ராஜா அவசரமாகவே சொன்னான். "செம்பாயியின் பாசறை ஜெயித்தது! எந்தப் பாசறையிலும் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது. சாணியை ராயரே அள்ளட்டும். தினமும் விடிந்ததும் தம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தம் கையால் வெற்றிலை மடித்துக் கொடுக்கட்டும், கையைக் கழுவிவிட்டு!"

மைதானமே சிரித்தது. ராயர் மட்டும் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ராஜா மெல்ல மேடையைவிட்டு இறங்கி, வரிசையின் கடைசியில் வந்து நின்று கையை நீட்டினான்.

"வாங்கினா பொழுது சாயறவரைக்கும் நீங்க எனக்கு ஆளு மகாராஜா," என்றாள் செம்பாயி.

ராஜா ஒருமுறை சுற்றிலும் பார்த்தான். "தெரியும் தாயே. கொடு. சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடு."