பேச்சியின் பத்து விரால்

பெரிய ஏரியில் சடையன் என்றொரு நீர்நாய் தரகு பார்த்து வந்தான். ஏரிக்குள் நின்ற கருவேல மரங்கள் அத்தனையும் செம்பருந்துக்குச் சொந்தம். கூடு கட்டக் கிளை வேண்டுமென்றால் சடையன் மூலமாகத்தான் வாங்க வேண்டும். விலை மீன்! அதுவும் உயிரோடு!

கூழைக்கடா பேச்சிக்கு இந்த வருஷம் எப்படியும் ஒரு கிளை வாங்கியாக வேண்டும். போன வருஷம் கரையில் இட்ட முட்டைகளை நரி தின்றுவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அலகுப் பையில் பத்து விரால்களைச் சுமந்துகொண்டு ஆடி மாசமே வந்துவிட்டாள்.

"கிளை இப்போ பன்னிரண்டு விரால் விக்குது, பேச்சியக்கா! பொறுங்க, இறங்கும். அதுவரைக்கும் பத்தையும் என் குட்டையில விட்டு வைங்க. இறங்கின அன்னிக்கே வாங்கித் தந்துடறேன்!" என்றான் சடையன்.

பேச்சியும் விட்டு வைத்தாள். வாரம் தவறாமல் வந்து எண்ணுவாள். பத்துக்குப் பத்து இருக்கும். "ஒண்ணுகூடக் குறையல! தரகர்னா இவரல்லவா தரகர்!" என்று ஏரியெல்லாம் மெச்சித் திரிந்தாள். குறைகிறதா என்று பார்த்தவளுக்கு, கூடுகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லையே, பாவம்!

ஐப்பசி பிறந்தது. விலை இறங்கவே இல்லை. முட்டையிடும் நாளோ நெருங்கிவிட்டது. 

அன்றைக்கு எண்ண வந்தவள் தண்ணீரை உற்றுப் பார்த்தாள். அவளுடைய வால் கிழிந்த விராலுக்கு மேலே செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் நெளிந்தது. அத்தனையும் விரால் குஞ்சு!

"தரகரே, இதெல்லாம் என்ன?"

"அதுவா? சும்மா பொடிக் குஞ்சு. போன ஈத்துல பாதிகூட இல்ல!" சொன்ன பிறகுதான் சடையன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போன ஈத்தா? அது எங்கே?"

சடையன் தொந்தியைத் தடவினான். "குட்டை என்னுது. காவல் என்னுது. நீங்க குடுத்தது பத்து, இருக்கிறது பத்து. இதுல என்ன குறை கண்டீங்க?"

"குட்டை உம்மோடதுதான். ஆனா குஞ்சு போட்டது குட்டையா, என் விராலா?"

"நீங்க கேக்கவே இல்லையே, அக்கா! பாம்புத்தாராவும் இங்க மீன் விட்டிருக்கான்; கேட்டான், அவனுக்குப் பாதி குடுக்கறேன். கேக்காதவங்களுக்கு நானா கூப்பிட்டுக் குடுப்பேன்?"

பேச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. அவன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலும் வந்தது. ஆனாலும் அவள் தளரவில்லை.

"சரி, இப்போ கேக்கறேன்! தின்னது தின்னதாப் போகட்டும். இந்த ஈத்துல பாதியை என் கண் முன்னால பிரிச்சுக் குடும். முடியாதுன்னா பத்தையும் எடுத்துக்கிட்டு, பக்கத்து மடுவில இருக்கிற ஆமைகிட்ட விடறேன். இப்பவே!"

பேச்சி அலகை அகலத் திறந்துகொண்டு நின்றாள். தங்கள் மீனை எண்ணப் பின்னால் காத்திருந்த நாரையும் நீர்க்காகமும் கழுத்தை நீட்டின. "ஏன் தரகரே, எங்க மீனும் குஞ்சு போட்டுச்சா?" என்று கேட்டது நாரை.

சடையனுக்கு வேர்த்துவிட்டது. எல்லாரும் மீனை அள்ளிக்கொண்டு போனால் அவன் பிழைப்பு என்ன ஆவது! "மெதுவாப் பேசுங்க அக்கா! தரேன், தரேன்!" என்று மளமளவென்று பாதியைப் பிரித்துக் கொடுத்தான்.

பத்து விரால், பாதி ஈத்துக் குஞ்சு. சடையனையும் கூட்டிக்கொண்டு போய், நடந்ததைச் சொல்லி எல்லாவற்றையும் செம்பருந்திடம் கொடுத்தாள் பேச்சி.

"வளர்த்தா இது ரெண்டு விராலுக்கு மேலேயே தேறும். எடுத்துக்கோ அந்தக் கிளையை!" என்றது செம்பருந்து. "போன ஈத்திலும் பாதி வாங்கியிருந்தா, ஆவணியிலேயே உச்சிக் கிளைக்கு ஏறியிருப்பியே, பேச்சி! இப்போ மிச்சம் இருக்கிறது அந்தக் கீழ்க்கிளை ஒண்ணுதான்."

பேச்சி அன்றைக்கே சுள்ளி பொறுக்கத் தொடங்கினாள். எட்டாம் நாள் மூன்று முட்டை இட்டாள்.

காத்திருக்கும் முதலும் சும்மா இருப்பதில்லை. அது ஈன்றதை நாம் கேட்டு வாங்காவிட்டால், வைத்திருப்பவன் வயிறுதான் வளரும்.