அணைந்த சுருட்டின் வாசம்

கர்ர்... கர்ர்... என்று ஈரமரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். இருட்டின பிறகுதான் கேட்கும். குருந்தங்கோட்டையில் பிள்ளை பெற்றவர்கள் அதைக் கேட்டதும் பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொள்வார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை. இருமுவது ராஜா.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அந்தக் கோட்டையைத் திருமேனிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குச் சுருட்டென்றால் உயிர். விளக்கு வைத்ததும் சபை கூடும். ராஜா ஒரு சுருட்டைப் பற்றவைப்பான். பக்கத்தில் அரண்மனை ருசிபார்ப்பவர் கனகசபாபதி இன்னொன்றை இழுத்து, கண்ணைச் செருகிக்கொண்டு, "முதல் இழுப்பில் கருப்பட்டி, மகாபிரபு. நடுவில் மழை விழுந்த செம்மண். அடியில் ஏலக்காய்" என்பார். "ஆமாம், ஏலக்காயேதான்" என்று சபை முழுக்கத் தலையாட்டும். சுருட்டை வாயில் வைத்தே அறியாதவர்களும் ஆட்டுவார்கள்.

ஆனால் ராஜா இருமினால் மட்டும் சுருட்டைக் குறை சொல்லக் கூடாது. பனி, காற்று, சமையற்காரன் என்று வேறெதன் மேலாவது பழி போக வேண்டும். போன மழைக்காலத்தில் வைத்தியன் மேல் போயிற்று. அவன் ஊரை விட்டே ஓடினான். இந்த முறை சடையன் தலையில் விழுந்தது.

சடையன் சுருட்டுச் சுற்றுகிறவன். அவன் சுருட்டை ராஜா ஒருநாள், ருசிபார்ப்பவர் வாயைத் திறக்கும் முன்பே, "பேஷ்!" என்று சொல்லிவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாளே கனகசபாபதி மூக்கைச் சுளித்தார். "இதில் சுடலைச் சாம்பல் கலந்திருக்கிறது, மகாபிரபு. இருமல் எங்கிருந்து வருகிறதென்று இப்போதல்லவா புரிகிறது!"

அன்று பொழுது சாய்ந்ததும் சேவகர்கள் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்து சடையனை இழுத்துப்போனார்கள். நாளை விளக்கு வைத்ததும் வலது கையை வெட்டுவது என்று தீர்ப்பு.

அவன் பெண்சாதி பூங்காவனம் உடைந்த கதவுக்கு அம்மியை முட்டுக்கொடுத்து, கைப்பிள்ளையோடு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் உட்காருகிற மூலையையே பார்த்தாள். எண்ணெய் மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்த பிறகு அங்கேதான் சுருட்டுப் பிடிப்பான். கங்கு அணைந்து கரியாகியிருக்கும். அவன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருப்பான். "அணைஞ்சு போச்சுய்யா" என்றால், "போடி, நல்லா காரமா வருது" என்பான். நுனியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சிரிப்பான். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவன் வாய்க்கு எதுவும் தெரியாது.

அந்தச் சிரிப்பை நினைத்து அழ ஆரம்பித்தவள், பாதியில் அழுகையை நிறுத்தினாள்.

மறுநாள் சபைக்கு நடுவில் போய் நின்றாள்.

"நீ யாரம்மா?" என்றார் மந்திரி அனந்தப்பர்.

"கை போகப்போறவர் பெண்சாதி, சாமி."

ராஜா அலுத்துக்கொண்டான். "அழுவதானால் வெளியே போய் அழு."

"அழ வரலை, மகாராஜா. ருசி பார்க்கிற ஐயா நாக்கு பெரிய நாக்குன்னு ஊரே சொல்லுது. கண்ணைக் கட்டிக்கிட்டு எங்க சுருட்டை ஒரு தடவை ருசி பார்க்கட்டும். நெசத்தைச் சொல்லிட்டாருன்னா, அவுங்க கையோட என் கையையும் எடுத்துக்குங்க."

கனகசபாபதி சிரித்தார். "இரண்டு பேர் கையும் போய்விட்டால் இந்தப் பிள்ளையை யார் தூக்குவது?" சபையும் சிரித்தது. இடுப்பிலிருந்த குழந்தை ஒன்றும் அறியாமல் அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அவருக்குப் பயமாக இருந்தால் விட்டுவிடலாம், மகாராஜா" என்றார் மந்திரி.

"பயமா? எனக்கா? கட்டுங்கள் ஐயா, பார்க்கலாம்!"

கட்டினார்கள். ராஜாவின் சுருட்டுப் புகை ஏற்கெனவே மண்டபம் முழுக்க மண்டிக்கிடந்தது. பூங்காவனம் சுருட்டைப் பற்றவைத்து அவர் கையில் கொடுத்தாள். "ம்... கருப்பட்டி" என்றார். இரண்டு இழுப்பு ஆனதும், "சாம்பல் தட்டித் தாரேன், ஐயா" என்று வாங்கி, பக்கத்தில் எச்சில் துப்ப வைத்திருந்த படிக்கத்து மணலில் கங்கை அழுத்தி அணைத்தாள். ஒருத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜா உதட்டில் விரலை வைத்து அடக்கினான்.

அணைந்த சுருட்டு அவர் கைக்குத் திரும்பிப் போயிற்று.

இழுத்தார். புருவம் நெரிந்தது. பூங்காவனம் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகா... இப்போதுதான் நெருப்பு நடுப்பாகத்துக்கு வருகிறது" என்றார் கனகசபாபதி. "புகை கனக்கிறது. இதோ! வந்துவிட்டது, சுடலைச் சாம்பல்! தொண்டையைப் பிடிக்கிறது, மகாபிரபு!" என்று இருமியும் காட்டினார்.

ஒரு தலையும் ஆடவில்லை. ராஜா எழுந்து வந்து சுருட்டின் நுனியில் விரலை வைத்தான். விரலில் கரிதான் ஒட்டியது.

"எந்தப் புகை, கனகசபாபதி?"

ராஜா தன் கையிலிருந்த சுருட்டைப் பார்த்தான். "அப்படியானால் இத்தனை நாளும் எனக்கு அடித்த ஏலக்காய்?"

சபை தரையைப் பார்த்தது. பூங்காவனம் குழந்தையோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள். திடீரென்று ராஜா சிரித்தான். சிரிப்பு இருமலாகி அவனை ஆட்டி எடுத்தது.

"கண்கட்டை அவிழ்க்காதே! அணைந்த சுருட்டும் வாயுமாக வாசம் பிடித்தே வீடு போய்ச் சேர். இனி சடையன்தான் ருசிபார்ப்பவன்!"

பூங்காவனம் ராஜா காலில் விழுந்தாள். "வேண்டாம், மகாராஜா. அவுங்களை வீட்டுக்கு அனுப்புங்க. இனிமே அரண்மனை ஆளு யாரும் எங்க கதவைத் தொடக் கூடாது. அதைக் கொடுங்க, போதும்."

"பைத்தியக்காரி! கொடுத்தோம், போ!"

எல்லோரும் சிரித்தார்கள், மந்திரி ஒருவரைத் தவிர. "ராஜா மனசு மாறுவதற்குள் நடையைக் கட்டு, தாயே" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

சடையன் வீடு வந்து சேர்ந்தான். மணிக்கட்டில் கயிறு அறுத்த புண். கட்டை ஒன்றைச் செதுக்கிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினான். பூங்காவனம் அம்மியை நகர்த்தினாள்.

அப்போது அரண்மனைப் பக்கமிருந்து கேட்டது. கர்ர்... கர்ர்...

"இன்னைக்கு எந்த வீட்டுக்குப் போகப்போறாங்களோ" என்றான் சடையன்.

அவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குழந்தையை அவனுடைய வலது கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.