கடைசி ரிங்கு

"சாமி, இதுவும் போயிருச்சுன்னா அப்புறம் என்னங்க பண்றது?"

கேட்டவர் நாச்சிமுத்து. பவுண்டரியில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றியே தலை நரைத்தவர். கடவுளைத் தேடித்தான் மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். வந்த இடத்தில், கிணற்றடியில் நின்ற பழைய ஆயில் இன்ஜினிடம் மாட்டிக்கொண்டார்.

அவருடைய குரு அவரைவிட வயதில் இளையவர். காவியில் கிரீஸ் கறை போகவே போகாது என்பதால் ஊரில் அவருக்கு எண்ணெய்ச்சாமி என்று பெயர்.

இன்ஜின் இப்போது ஓடவில்லை. பிஸ்டனில் இருந்த வார்ப்பிரும்பு ரிங்கு தேய்ந்து, புகையாகக் கக்கி, ஒருநாள் நின்றேவிட்டது.

மாற்று ரிங்கு இல்லாமல் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. நாச்சிமுத்துதான் அதை மாட்ட விடவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் பூட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். செய்த கம்பெனியை மூடியாயிற்று. செய்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசி ரிங்கு அல்லவா!

பங்குனி உத்திரத்துக்குள் ஓடாவிட்டால் இன்ஜினைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு மோட்டார் வைப்பது என்று மடத்து நிர்வாகிகள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் பெட்டியைத் திறக்கவில்லை.

"எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்," என்றார் சாமி.

நாச்சிமுத்து பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார்.

சாமி அதை வாங்கினார். வாய் பிளந்த வளையத்தின் இரண்டு முனைகளையும் பிடித்து, அகல இழுத்தார்.

டக்.

கைக்கொரு துண்டாக நின்றது.

"போயிருச்சுங்க. இப்ப என்ன பண்றீங்க?"

நாச்சிமுத்துவுக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா உங்களுக்கு? குருன்னுகூடப் பார்க்க மாட்டேன், ஆமா!"

"பார்க்க வேண்டாமுங்க."

துண்டுகளைக் கல்மேல் வைத்துவிட்டு, சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நாச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்து அழுதார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கூட அப்படி அழமாட்டார். அழுது ஓய்ந்ததும், இனி இந்த மடமும் வேண்டாம், இந்தச் சாமியும் வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்று எழுந்தார். துண்டுகளை அப்படியே விட்டுப்போக மட்டும் மனம் வரவில்லை. பொறுக்கினார்.

ஒடிந்த இடத்தில் வெயில் பட்டது.

உள்ளே சாம்பல் நிறத்தில், ரவையைவிடப் பொடியாக, இரும்பின் மணிகள் தெரிந்தன.

கட்டைவிரலால் தடவினார். கண்ணருகே கொண்டுபோனார். அடுத்த துண்டையும் திருப்பிப் பார்த்தார்.

இத்தனை நாளும் அவர் இதன் மேற்புறத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

"சாமி! சாமி! இந்த இரும்பு எனக்குத் தெரியுமுங்க! நான் ஊத்துற இரும்புதானுங்க!"

சாமி வாளிமேல் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"அப்புறம் எதுக்குங்க இங்க நின்னுட்டிருக்கீங்க?"